‘அகுவா’ என்னும் ஸ்பானியச் சொல்

அயல்மொழி பயிலப் புகும் தமிழ் மாணவர் முதற்கண் இடர்ப்படுவது பெயர்ச்சொற்களின் பாலிலேயாம். நம் மொழியிற் பால் பொருளைப் பற்றியது. அழகர்கோவில் மலையேறுவோர், “ராக்காயி அம்மன் காக்கின்றாள்” என்பர். “நூபுரகங்கை நீர் வருகின்றது” என்பர். தெய்வம் உயர்திணை, அத்தெய்வம் காக்கும் நீரோ அஃறிணை. ஸ்பானிய மொழியிற் பால் சொல்லைப் பற்றியது. உயிரில் பொருள்களும் ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டனுள் ஒன்றில் அடங்கும். புத்தகம் ஆண்பால், ‘எல் லிப்ரோ’. வீடு பெண்பால், ‘லா காசா’. முன்னிற்கும் ‘எல்’, ‘லா’ என்பன பாலுணர்த்தும் சுட்டுக்கள்.

இனி, நீரைக் குறிக்கும் ‘அகுவா’ என்பதை நோக்குவோம். முதல் அகரத்தை அழுத்தியும், ககரத்தை ‘அகம்’ என்புழிப்போல மெலிதாகவும், ‘குவா’ என்பதை ஓரசையாகவும் ஒலித்தல் வேண்டும். தமிழ் நாவிற்கு இஃது எளிதே.

இச்சொல் பெண்பால். ஆயினும் ஸ்பானியர் ‘லா அகுவா’ என்னார். ‘எல் அகுவா’ என்பர். இதுகண்டு ஆண்பாலெனத் துணிந்து, ‘குளிர்ந்த’ என்னும் அடையை ‘ஃப்ரீயோ’ என ஆண்பாலாக்குதல் பிழை. ‘எல் அகுவா ஃப்ரீயா’ என்பதே வழக்கு. பன்மையில் ‘லாஸ் அகுவாஸ்’ எனவும், அடை இடைவரின் ‘லா மிஸ்மா அகுவா’ (அதே நீர்) எனவும் பெண்பாற் சுட்டு மீளும்.

இதன் காரணம் யாது? இலத்தீன் மொழியின் ‘இல்லா’ என்னும் பெண்பாற் சுட்டு, பழைய ஸ்பானியத்தில் ‘எலா’ என நின்று, அகரத்தின்முன் ஈற்றுயிர் கெட்டு ‘எல்’ ஆயிற்று. ஆகவே வடிவம் ஆண்பாலை ஒப்பினும் பிறப்பு வேறு. நாமும் ‘ஒரு மலை’ என்று கூறி, உயிர்முன் ‘ஓர் ஊற்று’ என்கிறோம். அதனாற் பொருள் வேறுபடுவதில்லை. ஆனால் ‘ஓர்’ எல்லா உயிர்முன்னும் வரும். இந்த ‘எல்’லோ அழுத்தம் பெற்ற அகரத்தின்முன் மட்டுமே வரும். மணலைக் குறிக்கும் ‘அரேனா’வில் அழுத்தம் இரண்டாம் அசையிலுள்ளமையால், அது ‘லா அரேனா’ என்றே நிற்கும்.

அன்றாட வழக்கில், ‘உன் பாஸோ தே அகுவா, போர் ஃபவோர்’ என்றால், ‘ஒரு குவளை நீர் தருக’ எனப் பணிவாகக் கேட்டலாம். உவர்ப்பில்லா நீரை அவர்கள் ‘அகுவா துல்ஸே’, அதாவது இனிய நீர், என்பர். நாம் நன்னீர் என்கிறோம்.

மாணவர்காள்! ஆன்மாவைக் குறிக்கும் ‘அல்மா’வும் இவ்வினத்ததே. ‘தூய ஆன்மா’ என்றற்கு ‘எல் அல்மா பூரோ’ என்பீரோ, ‘எல் அல்மா பூரா’ என்பீரோ? சுட்டினை மட்டும் நோக்காது, சொல்லின் பாலை நோக்கி விடை பகர்க.