குடோன் தேடும் இளம் பதிப்பாளருக்கு



பன்னிரண்டு தலைப்புகளை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, குடோனுக்கு இரண்டு இடம் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று தி.நகரை ஒட்டிய மேற்கு மாம்பலம் லேக் வியூ சாலைப் பக்கம், தரைத்தளத்தில் 800 சதுர அடி. மற்றது தி.நகர் உஸ்மான் சாலைக்குப் பின்னால் இரண்டாவது மாடி. சதுர அடிக்கு வாடகை குறைவு என்பதால் முதல் இடத்துக்கே அட்வான்ஸ் கொடுக்க நினைக்கிறீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தத் தொழிலுக்கு வரும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் விஷயம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். மழைத் தண்ணீருக்கு அது இன்னும் மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் ஜி.என். செட்டி சாலைப் பகுதி குளமாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும் அடையாறு கரைதாண்டி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. அதனால் அடுத்த ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போய்த் தீவுத்திடலில் நடந்தது. நனைந்த துணியை உலர்த்திப் பாதி விலைக்காவது விற்கலாம். நனைந்த புத்தகம் எடைக்குத்தான் போகும். ஆர்ட் பேப்பர் என்றால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு அதற்கும் ஆகாது.

எனவே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், எந்த வருஷம் எந்தப் படி வரை என்று சொல்லிவிடுவார். காம்பவுண்டுச் சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஈபி மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரத்தில் புதிதாக மாற்றிப் பொருத்தியிருந்தால் காரணம் கேளுங்கள். உள்ளே சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். புது பெயிண்ட்டுக்கு அடியிலும் ஓதம் சில்லென்று தெரியும். ஓதம் இருக்கும் இடத்துக்குக் கரையானும் வரும்.

அப்படியானால் மாடியே மேல் என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் பலரும் கவனிக்காத எடைக் கணக்கு இருக்கிறது. 200 பக்க டெமி புத்தகம் ஏறத்தாழ 230 கிராம். ஆயிரம் பிரதி 230 கிலோ. ஐந்தடி உயரம் அடுக்கினால், அந்த அடுக்குக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் தரை ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுமக்கிறது. குடியிருப்பு வீட்டின் மாடித் தளத்துக்கு இந்தியத் தரவிதி கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். உஸ்மான் சாலைக்குப் பின்னால் நீங்கள் பார்த்தது வீடாகக் கட்டி வாடகைக்கு மாற்றிய இடம். அந்த அறை முழுக்கப் புத்தகம் பரப்பினால் ஓரடி உயரத்தோடு நிறுத்த வேண்டும். லிஃப்ட்டும் இல்லை, ஒவ்வொரு பண்டலுக்கும் லோடுமேன் மாடிக்கூலி தனியாகக் கேட்பார், அது நியாயமும்கூட.

தீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 மே 31 அன்று தி சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடைக் கட்டடத்தில் பற்றிய தீயை அவ்வளவு அகலமான உஸ்மான் சாலையிலேயே சீக்கிரம் அணைக்க முடியவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, கடைசியில் முழுவதையும் இடித்தார்கள். பின் சந்தில் தீயணைப்பு வண்டி திரும்பவே இடம் இருக்காது. பாலிசி எடுக்கும்போது வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கிறதா, குடோன் முகவரியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பக முகவரியை மட்டும் போட்டுவிட்டு நஷ்டஈடு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

இப்போது உங்கள் தேவைக்கு வருவோம். பன்னிரண்டு தலைப்பு, ஆயிரம் பிரதி வீதம், மொத்தம் 12,000 புத்தகம். ஐந்தடி உயரம் அடுக்கினால் அவை பிடிக்கும் தரை 30 சதுர அடியைச் சுற்றித்தான். நடைவழி, பார்சல் கட்ட ஒரு மேசை, சுவரிலிருந்து விட வேண்டிய ஒரு சாண் இடைவெளி எல்லாம் சேர்த்தாலும் 200 சதுர அடி போதும். 800 எதற்கு? இடம் காலியாகக் கிடந்தால் ஆயிரம் அச்சடிக்க வேண்டியதை இரண்டாயிரம் அச்சடிக்கத் தோன்றும். விற்காத பிரதிக்கும் மாதாமாதம் வாடகை கட்டுவீர்கள். வளரும் பதிப்பகம் பல இப்படித்தான் மூச்சு முட்டி நின்றிருக்கிறது.

வெகுதூரம் போகவும் வேண்டாம். தி.நகரில் வானதி பதிப்பகமும் மயிலாப்பூரில் 1901 முதல் அல்லயன்ஸ் பதிப்பகமும் இருப்பது வாசகரும் கடைக்காரரும் வந்துபோக வசதியாகத்தான். மாதவரம், ஒரகடம் பக்கத்துப் பெரிய குடோன்கள் லாரி லாரியாகச் சரக்கு வைப்பவர்களுக்கானவை. ஐந்து பிரதி கேட்டு வரும் கடைப் பையனுக்காக அங்கே போய்வர முடியாது.

ஆகவே இரண்டு இடமும் வேண்டாம். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம், தெருவைவிட மூன்றடியாவது உயர்ந்த தரையுள்ள ஒரு பழைய வீட்டின் முன்னறையைத் தேடுங்கள். குட்டியானை வண்டி வாசல் வரை வர வேண்டும், பண்டல்களை மரப்பலகை மேல்தான் அடுக்க வேண்டும். சதுர அடி வாடகை கூடுதலாக இருந்தாலும் மொத்த வாடகை குறையும். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அதுவரை அச்சகத்திலேயே பண்டல்களை வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்