கிடங்குக்கு அனுப்பும் நெல்லையும் வேர்க்கடலையையும் பக்குவஞ் செய்து மூட்டை கட்டும் முறை

காஞ்சீபுரத்திற்கு மேற்கே வேலூர்ச் சாலையை அடுத்துள்ள திருப்புட்குழியிலும், தெற்கே உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏரிப்பாசனக் கிராமங்களிலும் நவரை நெல் சித்திரை மாதத்திலும், சொர்ணவாரி நெல் ஆவணியை ஒட்டியும் களத்துக்கு வருகின்றது. எல்லோருடைய நெல்லும் ஒரே சமயத்தில் வரும்போது விலை இறங்குவது இயல்பு. அச்சமயத்தில் விற்காமல், பொதுக் கிடங்கொன்றில் சரக்கை ஒப்படைத்து, ரசீது பெற்று, அந்த ரசீதின் பேரில் அவசரச் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு, விலை ஏறியபின் விற்பது குடியானவர்களுக்கு அனுகூலமான ஏற்பாடாகும். ஆயினும் கிடங்கு வாயிலில் மூட்டைகள் திருப்பியனுப்பப்படுவதும், தரங் குறைத்து எழுதப்படுவதும் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் களத்திலும் மூட்டை கட்டும் இடத்திலும் நேரும் கவனக்குறைவேயாகும்.

பொதுக் கிடங்குகள் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்தவையல்ல. கிராமக் கடன் நிலையை ஆராய்ந்த கோர்வாலா குழு 1954-ஆம் வருஷத்தில் அவை வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அதன்மேல் 1956-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1957-இல் மத்தியக் கிடங்குக் கழகமும், 1958-இல் இம்மாநிலக் கிடங்குக் கழகமும் ஏற்பட்டன. கைமாற்றத்தக்க ரசீதுக்குச் சட்டபூர்வமான மதிப்பை அளித்தது 2007-ஆம் வருஷத்துக் கிடங்கு அபிவிருத்தி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டமாகும். அது 2010 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நெல்லை நேரிற் பாராமல் சீட்டைக் கொண்டே விற்று வாங்கும் வழக்கம் உலகத்திற்குப் புதிதன்று. ஜப்பான் தேசத்து ஓசாகா நகரில், பிரபுக்களின் அரிசிக் கிடங்குகள் கொடுத்த சீட்டுகளைக் கொண்டு நடைபெற்ற தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-லேயே அரசாங்க அங்கீகாரம் கிடைத்திருந்தது. அரிசியைக் காணாமலே அவ்வியாபாரம் நடந்ததென்றால், சீட்டில் எழுதியதற்கும் கிடங்கில் கிடப்பதற்கும் வேற்றுமை இராது என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம்.

இந்நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கு வீட்டுச் சேமிப்பு முறைகள் சில உதவமாட்டா என்பதை முதலில் அறிதல் வேண்டும். வீட்டுக் குதிரிலோ பத்தாயத்திலோ கொட்டிய நெல் எந்தக் கழனியில் விளைந்தது, எந்த மழையில் நனைந்தது என்பதெல்லாம் வீட்டாருக்குத் தெரியும். பூச்சி வராமல் இருக்க வேப்பிலையும் நொச்சியிலையும் இடையிடையே போடுகிறார்கள். துவரைக்குச் செம்மண் கட்டுகிறார்கள். இவை வீட்டளவில் நல்ல முறைகளே; பாட்டிமார் சொன்னதில் பிழையில்லை. ஆனால் கிடங்கில் தரம் பார்ப்பவருக்கு இலைத்தூள் அந்நியப் பொருள். செம்மண்ணும் வெறும் மண்தான். இரண்டும் எடைபோட்டுக் கழிக்கப்படும். பிறர் பொறுப்பில் வைக்கும் தானியத்துடன் வீட்டாரின் ஞாபகம் கூடச் செல்வதில்லை. சாக்கின் மேல் எழுதியிருப்பதும் குத்தூசியில் வருவதுமே அதற்குச் சாட்சி.

ஈரம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. அரசாங்க நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு 17 சதவீத ஈரம் வரையில் அனுமதிக்கப்படுவது வழக்கம்; மழை மிகுந்த பருவங்களில் இதற்கு மேலும் சலுகை அளிக்கப்பட்டதுண்டு. இதனால் 17 சதவீதமே காய்ந்த நெல்லுக்கு அடையாளம் என்ற எண்ணம் குடியானவர்களிடையே வேரூன்றிவிட்டது. இது தவறான எண்ணம். கொள்முதல் நெல் விரைவில் அரைவைக்குச் செல்லவேண்டியது. மாதக்கணக்கில் அடுக்கிவைக்க வேண்டிய நெல்லிலோ ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

காரணம் யாதெனில், நெல்மணி உயிருள்ளது, அது சுவாசிக்கின்றது. ஈரம் மிகுந்தால் சுவாசம் மிகும். அதனால் வெப்பமும் மேலும் ஈரமும் உண்டாகும். அந்த ஈரம் பக்கத்து மூட்டைக்குப் பரவும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுப்பேறும். நூறு மூட்டை அடுக்கின் நடுவே ஈரமான மூட்டை ஒன்று இருப்பின், கேடு அந்த ஒன்றோடு நிற்பதில்லை. திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில், வறுத்த பயறும் மரகதவல்லித் தாயார் அருளால் முளைக்கும் என்பது ஐதிகம். மகப்பேறு வேண்டுவோர் அங்கு வந்து அவ்வாறு பிரார்த்திக்கின்றனர். வறுக்காத நெல்லோ எவருடைய பிரார்த்தனையுமின்றிச் சாக்கிலேயே முளைத்துவிடும்.

அறுவடை யந்திரத்தால் அறுத்த நெல் கையால் அறுத்துப் போரிட்ட நெல்லைக் காட்டிலும் ஈரமானது. அதை அன்றைக்கே பரப்புதல் அவசியம். சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் காயவைப்பதைக் கைவிடுதல் நலம்; கல்லும் தாரும் சேர்வதோடு, சக்கரம் ஏறிய நெல் நொறுங்குகிறது; மனிதருக்கும் ஆபத்து. கடும் வெயிலில் ஒரேயடியாய் உலர்த்தினால் மணிக்குள் வெடிப்பு உண்டாகி அரைவையில் குருணை மிகும். ஆகையால் உச்சிப்பொழுதில் குவித்து மூடிவைத்து, வெயில் தாழ்ந்தபின் மறுபடியும் பரப்பி, இரண்டு மூன்று நாளில் காயவைப்பதே முறை. சொர்ணவாரிக் காலத்தில் மாலை மழை வழக்கமாதலால், மூடுவதற்குரிய தார்ப்பாய் களத்திலேயே இருத்தல் வேண்டும்.

பல்லால் கடித்துப் பார்க்கும் வழக்கம் பயனுடையதே. மணி நறுக்கென்று உடைந்தால் ஓரளவு காய்ந்ததென்று கொள்ளலாம். இதனினும் நம்பத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு நெல்லை இட்டு, நன்றாக உலர்ந்த தூளுப்பு இரண்டு கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்கிச் சில நிமிஷம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதென்று அறிக. ஒட்டாவிடில் ஈரமானி வைத்திருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மாதிரி கொண்டுபோய்த் திட்டமாய்த் தெரிந்துகொள்ளலாம்.

உலர்த்தினால் எடை குறைகிறதே என்று வருந்துவோர் உண்டு. 17 சதவீத ஈரமுள்ள 1000 கிலோ நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 965 கிலோவாகும். குறைந்த 35 கிலோவும் தண்ணீர். களத்தில் உலர்த்தாவிட்டால் அது கிடங்கில் உலரும். அப்போது திரும்பப் பெறும் எடை ரசீதின் எடையைவிடக் குறைந்து, கிடங்குக்காரரோடு வழக்காடும்படி நேரும். மரக்காலால் அளந்த காலத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகப் புலப்படவில்லை. தசாம்ச எடைகள் 1958 அக்டோபர் முதல் வழக்குக்கு வந்தபின் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் ஏறுகின்றது.

சுத்தம். தூற்றியும் சலித்தும் பதர், கல், மண் நீக்கவேண்டும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொள்முதல் விதிகளின்படி மண், கல் முதலியன 1 சதவீதமும், வைக்கோல், பதர் முதலியன 1 சதவீதமும், முற்றாத சுருங்கிய மணி 3 சதவீதமும், சேதப்பட்டு நிறமாறிய மணி 5 சதவீதமும் வரையில் தள்ளுபடியின்றி ஏற்கப்படுமென்பதைக் கவனித்துக்கொண்டால் போதும். சன்ன ரகத்தோடு மோட்டா ரகத்தைக் கலப்பதால் சன்னத்தின் விலையும் போய்விடும்.

வேர்க்கடலை. இதில் அதிக ஜாக்கிரதை வேண்டும். காயை ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஓசையிட வேண்டும். பருப்பின் சிவந்த தோல் விரலால் தேய்த்தால் உரிய வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்கு மிகாமல், உரிக்காத காயாகவே கிடங்குக்கு அனுப்புவது உத்தமம். கையால் உரிப்பதற்கு எளிதாகக் காய்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். இங்கிலாந்தில் 1960-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மடிந்தன. அவற்றின் தீனியில் சேர்ந்த பிரேசில் தேசத்துக் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணத்தால் உண்டான விஷமே காரணமென்று பின்னர்த் தெரிந்தது. அஃப்ளாடாக்ஸின் எனப்படும் அவ்விஷம் வறுத்தாலும் முழுவதும் நீங்காது. மேலே தெரியும் பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும் போகாது. களைக்கொட்டுப் பட்ட காய்களையும், பூச்சி துளைத்தவற்றையும் தனியே பொறுக்கி எடுத்துவிடுவதே வழி.

சாக்கு. நெல்லும் கடலையும் காற்றோட்டமுள்ள சணற்சாக்கிலேயே செல்லவேண்டும். உரம், பூச்சிமருந்து அடைத்திருந்த பைகளை, எத்தனை முறை அலசினாலும், உணவுத் தானியத்துக்கு உபயோகிக்கலாகாது. பழஞ் சாக்கானால் உட்புறத்தை வெளியே திருப்பி உதறி, தையலோரங்களில் ஒளிந்திருக்கும் வண்டுகளும் முட்டைகளும் சாகும்படி கொதிக்கும் நீரில் முக்கி, வெயிலில் மொடமொடப்பாகக் காயவைத்த பின்னரே நிரப்பவேண்டும். நெல் அந்துப்பூச்சி கழனியிலிருந்தே கதிரோடு வருவதுண்டு; மற்ற வண்டுகள் பல பழஞ் சாக்கின் வழியாகத்தான் புதிய கிடங்கை அடைகின்றன. வண்டு காணப்பட்டால் அதைக் கிடங்கில் தெரிவித்துவிட வேண்டும். புகையூட்டுதல் அங்குள்ள பயிற்சி பெற்றோரின் வேலை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டிலோ, மூட்டைக்குள்ளோ, லாரியிலோ போடுவது உயிருக்கு அபாயம்.

வெயிலில் சுட்ட நெல்லை உடனே மூட்டையில் கட்டினால் உள்ளே வேர்க்கும். நிழலில் ஆறவிட்டுக் கட்டுக. எல்லா மூட்டைகளும் ஒரே எடையாக இருத்தல் வேண்டும். கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பம் வழக்கமாதலால், அவ்வளவே கட்டுவது எண்ணுவதற்கும் தூக்குவதற்கும் வசதி. புதுச் சாக்கின் எடை சுமார் 580 கிராம். ஆகையால் தராசில் 40 கிலோ 580 கிராம் நிற்கவேண்டும். சாக்கின் எடையைக் கணக்கிடாமல் விட்டால் நூறு மூட்டையில் 58 கிலோ வித்தியாசம் வரும். மேலும் இரண்டு மூன்று கிலோவை உதாரமாகப் போடுவது கணக்கைக் குழப்புவதன்றி வேறு பயன் தராது. வாயை மடித்து, கோணி ஊசியால் இரட்டைச் சணல் நூலில் நெருக்கமாகத் தைத்து, இரு மூலையிலும் பிடிப்பதற்குக் காது விடவேண்டும். காதில்லாத மூட்டையைக் கொக்கியால் குத்தித் தூக்குவார்கள். அந்தத் துவாரத்தின் வழியாக நெல் வழியெல்லாம் சிந்தும்.

அடையாளம். ஒவ்வொரு மூட்டையிலும் உடையவர் பெயர், கிராமம், ரகம், பருவமும் வருஷமும், நிகர எடை, வரிசை எண் ஆகியவற்றைத் தகடு வெட்டி மையால் குறிக்கவேண்டும். அதே விவரமுள்ள சீட்டொன்றை உள்ளேயும் போட்டுவைப்பது நலம். மேற்படி 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தில், உடையவரின் சொந்த அடையாளக் குறியையும் ரசீதில் எழுத இடமுண்டு. ஆனால் பலருடைய ஒரே தரச் சரக்கை ஒன்றாய்க் கலந்து வைக்கும்போது இக்குறி பயன்படாது. அப்போது அந்தத் தரமும் எடையுமுள்ள சரக்கு திரும்பக் கிடைக்குமேயன்றி, தம் கழனி நெல்லே கிடைக்குமென்று எதிர்பார்த்தலாகாது. விதைக்காகவோ, விசேஷ ரகமென்றோ வைப்பவர்கள் தனி அடுக்காக வைக்கும்படி முன்கூட்டியே கேட்டு, அதை ரசீதிலும் எழுதச் செய்துகொள்ளவேண்டும்.

மாதிரி. கிடங்கில் குத்தூசி மேலும் கீழும் பக்கத்திலுமாகப் பல மூட்டைகளில் செல்லும். வாயில் மட்டும் நல்ல நெல்லைத் தூவுவது எவரையும் ஏமாற்றாது. ஒரு மூட்டையில் கண்ட வஞ்சனைக்காக எல்லா மூட்டையும் சந்தேகத்துக்குள்ளாகும். இதற்கு முன்பே உடையவர் தாமும் மாதிரி எடுத்துவைத்தல் நன்று. நிரப்பும்போது ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் குவித்து, கலந்து, பரப்பி, நாலாகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்கிரண்டை மட்டும் நிறுத்தி, மறுபடியும் அவ்வாறே செய்து ஒரு கிலோ அளவுக்குக் குறைக்கவேண்டும். அதை இரு பங்காக்கிக் காற்றுப் புகாத பையில் கட்டி முத்திரையிட்டு, ஒன்றைச் சரக்கோடு அனுப்பி, மற்றொன்றை வீட்டில் வைத்துக்கொண்டால் பின்னர் தகராறு நேரின் காட்டுவதற்கு ஆதாரமாகும்.

வண்டியில் ஏற்றுமுன் அதன் தளத்தைப் பெருக்கி, முன் சென்ற சரக்கு உரமா எண்ணெயா என்று விசாரித்து, தார்ப்பாய் விரித்து ஏற்றுக. ஏற்றும்போது ஒருவர் எண்ணிக் கோடிட வேண்டும், இறக்கும்போதும் அவ்வாறே. எடைமேடைச் சீட்டைத் தொலைக்கலாகாது.

ரசீதும் கிராம அதிகாரிகளும். ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்கே கைமாற்றத்தக்க ரசீது கொடுக்கக் கூடும். 2017 முதல் அது மின்னணுப் பதிவாக வழங்கப்படுகிறது. சரக்கின் தரம், எடை, அன்றைய மதிப்பு, கிடங்குக் கூலி, இன்ஷூரன்ஸ் விவரம், எத்தனை நாள் வரை கெடாதிருக்கும் என்ற மதிப்பீடு ஆகியவை அதில் உள்ளனவா என்று வாசலிலேயே படித்துப் பார்க்கவேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் சரக்கின் மதிப்பில் முக்கால் பங்கு வரையில் பொருளீட்டுக் கடன் கிடைக்கின்றது. நடப்பு வட்டியையும் தவணையையும் அங்குள்ள மேற்பார்வையாளரிடம் கேட்டறிக. தரம் ஒரு படி குறைத்து எழுதப்பட்டால் மதிப்பும், மதிப்போடு கடனும் குறையும். கலியாணச் செலவையோ அடுத்த பருவ விதை உரத்தையோ அக்கடனை நம்பி வைத்திருப்பவர்களுக்கு அது சிறிய விஷயமன்று.

கிராம நிர்வாக அதிகாரிகள் அடங்கல் நகலில் பயிரின் ரகத்தையும் விஸ்தீரணத்தையும் கழனியைப் பார்வையிட்டே எழுதிக் கொடுத்தால், கிடங்கிலும் பாங்கிலும் தாமதம் நேராது. அறுவடைக்கு முன்பே அந்நகல்களைத் தயாராக வைத்தல் நலம். நெல் களத்தில் கிடக்க, காகிதத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில்தான் மழை பிடித்துக்கொள்கிறது. சிறு நிலக்காரர் நாலைந்து பேர் ஒரே ரகமும் ஒரே ஈரமுமான நெல்லைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்தால் கூலி குறையும். ஆனால் மூட்டைகளின் வரிசை எண் தனித்தனியாகவும், ரசீதுகள் அவரவர் பெயரிலும் இருத்தல் வேண்டும்.