ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்சு உலக சாம்பியன்: 65 புள்ளியில ஒரு சம்பளக் கணக்கு

தீபாவளி போனஸ் வந்ததும் நம்ம விருதுநகர், சிவகாசி பக்கம் முதல்ல நடக்குறது என்ன? பைக் புக்கிங். தப்பில்லை. ஆனா வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பைக் ரேஸ் கணக்கைப் பார்த்துடுங்க.

பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே, ஓசூர் டிவிஎஸ் கம்பெனியோட ரேசிங் டீம் வீராங்கனை. மோட்டோகிராஸ் மண் டிராக்குக்குள்ள சுத்துற ரேஸ். இவங்க ஓட்டுனது அதுக்கு அக்கா மாதிரி, பாலைவனம், மலைன்னு நீளமா ஓடுற பாஹா ரேலி. 2018-ல ஸ்பெயின் ரேலியில விழுந்து கணையமே கிழிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் அதே ஸ்பெயினுக்குத் திரும்பிப் போனாங்க.

2019 சீசன்ல அவங்க எடுத்த புள்ளி இதுதான்:

துபாய்: முதலிடம், 25
போர்ச்சுகல்: மூணாவது, 16
ஸ்பெயின்: அஞ்சாவது, 11
ஹங்கேரி: நாலாவது, 13

மொத்தம் 65. ரெண்டாவது வந்த போர்ச்சுகல் வீராங்கனை ரீட்டா வியேராவுக்கு 61. நாலே புள்ளி வித்தியாசத்துல, மோட்டார் ஸ்போர்ட்ஸ்ல உலகப் பட்டம் வாங்கின முதல் இந்தியர் ஆனாங்க.

இப்ப கவனிங்க. அவங்க ஜெயிச்சது ஒரே ஒரு ரவுண்டு. மத்த மூணுல எதையாவது ஒண்ணை பாதியில விட்டிருந்தா குறைஞ்சது 11 புள்ளி போயிருக்கும். பட்டமும் போயிருக்கும். அடிபட்ட ஊர்ல வாங்குன அஞ்சாவது இடம்தான் கடைசியில காப்பாத்துச்சு.

நம்ம சேமிப்பும் இப்படித்தான். ஒரு வருஷம் போனஸை மொத்தமா போடுறது முதலிடம் மாதிரி. மாசாமாசம் போடுற 3,000 அஞ்சாவது இடம் மாதிரி, யாரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா நடுவுல ஒரு பெரிய அடி பட்டு ரேஸை விட்டு வெளியே போகாம இருக்கணும். அதுக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்க?

என்கிட்ட வந்த ஒரு தம்பி கதையைச் சொல்றேன். சிவகாசியில ஆஃப்செட் பிரஸ் ஒண்ணுல பில்லிங் வேலை. ஏப்ரல்ல சம்பளம் 20,500-லேர்ந்து 23,000 ஆச்சு. வீட்ல ஒரே சந்தோஷம். அடுத்த பிப்ரவரி ராத்திரி திருத்தங்கல் ரோட்டுல பைக் சறுக்கி தோள்பட்டை எலும்பு முறிஞ்சது. "இஎஸ்ஐ இருக்குல்லண்ணே"ன்னு போன் பண்ணான். இல்லை. பிரைவேட் ஆஸ்பத்திரி பில் 85,000. அம்மாவோட மூணு பவுன் செயின் அடகுக்குப் போச்சு. ஆறு வாரம் சம்பளமில்லா லீவு, பைக் இஎம்ஐ மட்டும் லீவு எடுக்கலை.

என்ன நடந்தது? இஎஸ்ஐக்கு சம்பள வரம்பு மாசம் 21,000. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்னு ரெண்டு பங்களிப்புக் காலம். நடுவுல சம்பளம் ஏறினா அந்தக் காலம் முடியுற வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல்லயோ அக்டோபர்லயோ ஏறினா உடனே நின்னுடும். ஏற்கனவே கட்டுனதுக்கான பலன் சில மாசம் ஓடும், அப்புறம் கிடையாது. கையில 2,500 கூடுது, குடும்பத்தோட மருத்துவப் பாதுகாப்பு போகுது. இதை ஹெச்ஆர் சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க.

"வண்டி இன்சூரன்ஸ்ல 15 லட்சம் இருக்கே?" அது ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பில்லுக்குக் கிடையாது.

சரி, என்ன செய்யணும்?

1. சம்பளம் 21,000-ஐ நெருங்கும்போதே தனி ஹெல்த் பாலிசி எடுங்க. நோய்க்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, விபத்துக்கு இல்லை. ஏற்கனவே இருக்குற சுகர், பிபிக்கு மூணு வருஷம் வரை காத்திருப்பு இருக்கலாம். அதனால அப்பா அம்மாவுக்கும் சீக்கிரம் பாருங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை.

2. பேங்க்ல பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா போடுங்க. வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் விபத்துக் காப்பீடு. இதுவும் ஆஸ்பத்திரி செலவுக்கு இல்லை. கூடவே வாரச் சம்பளத்துல இருந்து தப்பிக்க பெரிய தனிநபர் விபத்து பாலிசி ஒண்ணு எடுத்தா, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தர்ற வசதி இருக்கான்னு கேளுங்க.

3. அவசர நிதி. மாசச் செலவு 15,000-னா ஆறு மாசத்துக்கு 90,000. மாசம் 3,000, வருஷம் 36,000. போனஸ் 20,000-ல பாதி 10,000. ஆக 46,000. ரெண்டு வருஷத்துல 92,000 வந்துடும். எஃப்டியோ ஆர்டியோ, உடனே எடுக்குற இடத்துல வைங்க.

4. ஞாயித்துக்கிழமை டர்ட் ரேஸ் ஓட்டுற தம்பிகளா? பாலிசியில விலக்குகள் பக்கத்தைப் படிங்க. ஏற்பாடு பண்ணி நடத்துற ரேஸ்ல வண்டிக்கு வர்ற சேதத்துக்கு சாதாரண வண்டி பாலிசி பணம் தராது. தொழில்முறையா ரேஸ் ஓட்டினா ஹெல்த் பாலிசியும் கை விரிச்சுடும்.

அந்தத் தம்பி செயினை மீட்க பதினாலு மாசம் ஆச்சு. இப்ப அவன் பேர்ல பாலிசி இருக்கு, ஆர்டியும் ஓடுது.

இன்னிக்கே உங்க பே-ஸ்லிப்பை எடுத்து இஎஸ்ஐ பிடித்தம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, அதுக்குப் பதிலா உங்ககிட்ட என்ன இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க. முழுக் கணக்கையும் வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன். அடுத்த பதிவுல சந்திப்போம்.