பழைய சிறிய காரின் மறுவிற்பனைப் பெறுமதி: ஏறியது விலையா, இலாபமா?

வியாபாரிகள் நான்கு பேர் கூடும் இடத்தில் கார் விலை பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. "ஐந்து வருடம் ஓடினேன், வாங்கியதை விடக் கூடிய விலைக்கே விற்றேன்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கணக்குப் புத்தகங்களோடு பழகும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இந்தப் பேச்சை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி, கடையின் முதலை மெல்லக் கரைக்கும் பிழையான கணக்கு. இந்த வாரம் சுசூகி ஆல்ட்டோ காரை உதாரணமாக வைத்து இதனைப் பார்ப்போம்.

விலை ஏன் இறங்குவதில்லை?

796 சீசீ கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட இந்த இந்தியத் தயாரிப்புக் கார் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. உலகில் பெரும்பாலான நாடுகளில் காரின் விலை வருடா வருடம் இறங்கும். இங்கே அப்படி நடக்காததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வரி. இறக்குமதியாகும் காரின் விலையில் பெரும் பகுதி அரசாங்கத்திற்குச் செல்லும் வரி. புதிய காரின் வரி கூடும்போது, ஏற்கனவே வரி கட்டி ஓடிக்கொண்டிருக்கும் பழைய காரின் விலையும் கூடவே ஏறுகிறது.

இரண்டாவது, ரூபாயின் வீழ்ச்சி. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது.

மூன்றாவது, தட்டுப்பாடு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதிய வரவு இல்லை. இருந்ததைத்தான் கை மாற்றி விற்றோம்.

இவற்றோடு காருக்கே உரிய காரணங்களும் சேர்கின்றன. பஞ்சிகாவத்தையில் இதன் உதிரிப்பாகம் தேடி அலையத் தேவையில்லை. ஊரில் உள்ள சாதாரண கராஜ் பாஸ் கூட இதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனபோது, குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் ஓடும் காரின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

இந்த மூன்று பொதுக் காரணங்களில் வரியும் தட்டுப்பாடும் அரசாங்கத்தின் கையில் உள்ளவை. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஏறிய விலை இன்னொரு வர்த்தமானி அறிவித்தலால் இறங்கலாம். ஆகவே, கடந்த காலத்தில் ஏறியது போலவே இனியும் ஏறும் என்று நம்பி, கடை முதலை எடுத்துக் காரில் போடுவது ஆபத்தானது.

இலாபம் போலத் தெரிவது

கணக்கிற்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவர் 2019இல் 15 இலட்சத்திற்கு ஒரு காரை வாங்கி, 2022 நடுப்பகுதியில் 25 இலட்சத்திற்கு விற்றார். 10 இலட்சம் இலாபம் என்று அவர் நினைக்கிறார். 2019இல் டொலர் சுமார் 180 ரூபாய். அன்று அவர் போட்டது ஏறத்தாழ 8,300 டொலர். விற்ற நாளில் டொலர் 360 ரூபாய். கையில் வந்தது ஏறத்தாழ 6,900 டொலர் மட்டுமே. இறக்குமதிப் பொருள் விற்கும் வியாபாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும். அந்த 25 இலட்சத்தைக் கொண்டு, முன்பு 15 இலட்சத்திற்கு எடுத்த அளவு சரக்கைக் கூட அவரால் எடுக்க முடியாது. விற்ற காரைப் போல இன்னொன்றை வாங்கப் போனாலும் அதே 25 இலட்சத்தைத்தான் கேட்பார்கள்.

வைத்திருக்கும் செலவு

இன்னொரு கணக்கு. 30 இலட்சத்திற்கு வாங்கிய காரை இரண்டு வருடத்தில் 27 இலட்சத்திற்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 3 இலட்சம். திருத்த வேலை, டயர், பற்றரி என்று ஒன்றரை இலட்சம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை என்று 1 இலட்சத்து 20 ஆயிரம். பலரும் இதோடு கணக்கை மூடி விடுகிறார்கள். அந்த 30 இலட்சம் கடையில் சுழன்றிருந்தால் என்ன தந்திருக்கும்? செலவு போக மாதம் நூற்றுக்கு ஒன்று என்று குறைவாகவே எடுத்தாலும், 24 மாதத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 12 இலட்சத்து 90 ஆயிரம். மாதத்திற்கு 53,750 ரூபாய். பெற்றோல் இதில் சேரவில்லை.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் அவ்வளவு பெறுமதியான வேலையை அந்தக் கார் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் தாராளமாக வைத்திருங்கள். வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்கு மட்டும் போவதென்றால், முச்சக்கர வண்டிக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்கு வியாபாரி நோன்பு காலத்திற்குச் சரக்கு எடுக்க வேண்டிய பணத்தைக் காரில் போட்டு விட்டார். காரின் விலை இறங்கவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் கடையின் ராக்கைகள் பாதி வெறுமையாக இருந்தன. வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் பழகி விட்டார்கள். அந்த நட்டம் எந்தக் கார் விலைப் பட்டியலிலும் வராது.

பெறுமதியைக் காப்பவை

ஒரே வருடத் தயாரிப்பான இரண்டு ஆல்ட்டோக்களின் விலையில் இலட்சக் கணக்கில் வித்தியாசம் வருவதுண்டு. நான் பார்த்த வரையில் இவையே காரணம்:

1. ஆவணங்கள். பதிவுச் சான்றிதழில் விற்பவரின் பெயர் இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல், கையொப்பம் மட்டும் வைத்த திறந்த ஆவணத்தோடு கை மாறும் காருக்கு விலை குறைவு. விற்றவருக்கும் நிம்மதி இல்லை. அந்தக் கார் விபத்திலோ குற்றச் செயலிலோ சிக்கினால் பொலிஸார் முதலில் தேடி வருவது பதிவில் பெயர் உள்ளவரைத்தான்.

2. லீசிங். பணம் கட்டி முடிந்தும் நிறுவனத்தின் பெயரைப் பதிவிலிருந்து நீக்காமல் விட்டால், நல்ல விலைக்கு ஆள் வந்த நாளில் விற்க முடியாது.

3. மீட்டர். சேர்விஸ் பதிவுகளை வைத்திருங்கள். வாங்கும்போது மீட்டரை மட்டும் நம்பாமல், பெடல் றப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்த அளவைப் பாருங்கள்.

4. பொடி. அடிபட்டு டிங்கர் வேலை செய்த கார் பெயின்ட்டின் கீழ் மறைந்திருக்கும். வாங்குவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த பாஸிடம் காட்டுங்கள். விற்கும்போது குறையை மறைக்காமல் சொல்லுங்கள். சிறிய ஊரில் வியாபாரியின் பெயர் காரை விடப் பெறுமதியானது.

5. வசதி. ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் உள்ளது சீக்கிரம் விலை போகும். கூடுதலாகப் போடும் அலங்காரச் சாமான்களுக்குச் செலவழித்த பணம் திரும்பி வராது.

கடைசியாக ஒன்று. விளம்பரத்தில் உள்ள விலை விற்பவரின் ஆசை. தரகுப் பணம் போக உங்கள் கைக்கு வருவதே மறுவிற்பனைப் பெறுமதி. இன்றிரவே ஒரு தாளில் உங்கள் காரின் மாதச் செலவை எழுதிப் பாருங்கள். அதன் பக்கத்தில், அந்தப் பணத்திற்குக் கடையில் எடுத்திருக்கக் கூடிய சரக்கையும் எழுதுங்கள். வைத்திருப்பதா விற்பதா என்று அதன் பிறகு தீர்மானிக்கலாம்.