நெட்டை டம்ளரும் குட்டை டம்ளரும்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. குட்டை டம்ளர் பாலை அவள் கண்ணெதிரேயே நெட்டை டம்ளருக்கு மாற்றினாலும், "இதுலதான் நிறைய இருக்கு" என்கிறாள். அறிவு வளர்ச்சியில் ஏதும் குறையா?

பதில்: குறையே இல்லை, அம்மா. ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே (1896-1980) இதே விளையாட்டைத்தான் பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்தார். ஏழு வயதுவாக்கு வரை பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அகலம் குறைந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊற்றியதை மனசுக்குள் திருப்பி ஊற்றிப் பார்க்கவும் வராது.

ஆனால் பியாஜேயின் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. ஊற்றும் முன் கேட்ட அதே கேள்வியை ஊற்றிய பின் பெரியவர் மறுபடியும் கேட்டால், 'முதலில் சொன்னது தப்போ' என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும்தானே? (நமக்கே தோன்றும்.) இதைச் சோதிக்க, 1974-இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும், பாலுக்குப் பதிலாக வில்லைகளை வரிசையாக வைத்து, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மையை விட்டு அந்த வரிசையைக் கலைத்தார்கள். பெரியவர் கலைத்தபோது தடுமாறிய 4-6 வயதுப் பிள்ளைகளில் பலர், கரடி கலைத்தபோது எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள்.

அவளுக்குப் பாடம் நடத்தாதீர்கள். அவளே மாற்றி மாற்றி ஊற்றி விளையாடட்டும். பால் வேண்டாம், தண்ணீர் போதும். தரையைத் துடைக்கப்போவது நீங்கள்தான்.