555 நோட்டும் சிசிரிஸும்

புக்கிட் ரோத்தான் பக்கம் எங்க தோட்டத்துக் கடையில் பாட்டியின் நாணயத்துக்குச் சாட்சி, ஒரு 555 நோட்டு. மாசம் பொறந்தா கணக்கைத் தீர்ப்பாங்க.

சிங்கப்பூரில் எட்டு வருஷம் உழைத்துத் திரும்பிய அண்ணனுக்குக் கார் கடன் கிடைக்கல. கெட்ட பேர் இல்லை, பேரே இல்லை! பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை, இங்குள்ள கடன்களின் கடைசி 12 மாதத் தவணையைக் காட்டும். சிங்கப்பூர் கணக்கு அதில் வராது.

நண்பர்களே, செய்ய வேண்டியவை:

1. இ-சிசிரிஸில் அறிக்கையை இலவசமாகப் பாருங்கள்.
2. பழைய பாக்கியை முதலில் அடையுங்கள்.
3. சிறிய கடன் அட்டையில் பெட்ரோல் மட்டும் போட்டு, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுங்கள்.
4. நெருக்கடியா? ஆ லோங் வேண்டாம்; ஏகேபிகே ஆலோசனை இலவசம்.

அண்ணனுக்கு இது ஏழாவது மாதம். சொன்ன தேதியில் கட்டுவதும் தர்மம்தான்; பாட்டிக்கு அது அப்பவே தெரியும்.