வரையாடும் நம் புல்வெளியும்

முன்னுரை

“மலைகளின் அரசி” என்று உதகையை உலகம் போற்றுகிறது. இங்கு வருவோர் ஏரியையும் பூங்காவையும் தேயிலைத் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆனால் அவை மூன்றும் மனிதன் அமைத்தவை. அவற்றிற்கு நெடுங்காலம் முன்பே இறைவன் இம்மலையில் அமைத்தவை சோலைகளும் புல்வெளிகளும் ஆகும். அவற்றையும், அவற்றை நம்பி வாழும் வரையாட்டையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

சோலையும் புல்வெளியும்

மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்து நிற்பது சோலை. அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் பரந்து கிடப்பது புல்வெளி. குளிர்காலத்து உறைபனியில், திறந்த வெளியில் முளைத்த மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல்லோ வேரில் உயிரைக் காத்து மீண்டும் துளிர்க்கிறது. பருவமழை நீரைச் சோலையும் புல்லும் சதுப்பு நிலமும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறிது சிறிதாகக் கசிய விடுகின்றன. முக்கூர்த்தி மலைப்பகுதியில் பிறக்கும் பைக்காரா ஆறு மோயாற்றில் கலக்கிறது. மோயாறு பவானியில் சேர, பவானி காவிரியை அடைகிறது. பைக்காராவில் 1932-ஆம் ஆண்டு முதல் மின்சாரமும் எடுக்கப்படுகிறது. ஆகவே சமவெளியில் உழும் உழவனுக்கும் இந்தப் புல்வெளியோடு உறவு உண்டு.

வரையாடு

‘வரை’ என்றால் மலை. தென்னிந்தியாவில் வாழும் ஒரே மலையாடு இதுவே. சங்கப் புலவர்கள் ‘வருடை’ எனப் பாடியதும் இதையே என்பர். இன்று இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. கிடா கரும்பழுப்பு நிறமுடையது. வளர்ந்த கிடாவின் முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளிர்நிறப் பட்டை தோன்றும். பெட்டைக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. புல்வெளியில் மேயும், சிறுத்தையோ செந்நாயோ வந்தால், அவை தொடர முடியாத செங்குத்துப் பாறைக்குத் தாவி ஓடிவிடும். எனவே புல்லும் வேண்டும், பாறையும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அதற்கு வாழ்வில்லை.

மனிதனால் வந்த கேடு

ஆங்கிலேயர் குடியேறியபின் வேட்டை பெருகியது. ஆடுகள் அருகி வரவே, 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. ஆனால் துப்பாக்கியை விடப் பெரிய கேடு மரக்கன்றின் உருவில் வந்தது.

புல்வெளியை அவர்கள் ‘வெற்று நிலம்’ என்று எண்ணினர். 1843-இல் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரம் இங்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. சீகை மரமும் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின்பும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் செய்யும் மரக்கூழுக்காகவும் இம்மரங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கக் கூடியது; நடாத இடத்திலும் அது பரவியது. வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. தோடர் பெருமக்களின் எருமைகள் மேயும் நிலமும், அவர்கள் தம் கோயிலுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல்லும் குறைந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சிக்கும் இடம் குறைந்தது.

“மரம் நடுவது நல்லது” என்று நாம் படித்திருக்கிறோம். உண்மைதான். ஆனால் எந்த மரத்தை, எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். புல்வெளியில் அயல் மரத்தை நடுவது காட்டை வளர்ப்பதாகாது. ஒரு வீட்டை இடித்துவிட்டு அங்கே மற்றொருவரைக் குடியேற்றுவது போன்றது.

காக்கும் கரங்கள்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டுக்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்தது. முக்கூர்த்தி 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2022-இல் தமிழக அரசு ‘நீலகிரி வரையாடு திட்டம்’ அறிவித்தது. 1975-இல் இவ்விலங்கை ஆராய்ந்த ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2025-இல் தமிழகமும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் 2,668 வரையாடுகள் காணப்பட்டன. அவற்றுள் தமிழகத்தில் 1,303. ஒரு நாட்டின் மாநில விலங்கு, பெரிய பள்ளி ஒன்றின் மாணவியர் தொகை அளவே உள்ளது!

முடிவுரை

அக்டோபர் 4 புனித அசிசி பிரான்சிசின் திருநாள். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். மூன்று நாள் கழித்து வருவது வரையாடு தினம். இரண்டையும் சேர்த்து நினைப்பது நமக்குத் தகும். ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் காக்கவுமே வைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது.

தோழியரே, நாம் செய்யக்கூடியவை எளியவை. வனப்பகுதிச் சாலையில் நெகிழிப் பையை எறியாதிருப்போம். உறவினர் எறிந்தால் பணிவுடன் தடுப்போம். சாலையோர விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடாதிருப்போம். கோடையில் புல்லில் தீப்பொறி விழாமல் காப்போம். கன்று நடும் நாளில், அது இம்மண்ணின் சோலை மரமா, நடும் இடம் புல்வெளி அல்லாததா என்று ஆசிரியரைக் கேட்டபின் நடுவோம். குறிஞ்சி அடுத்து மலரவிருக்கும் ஆண்டு 2030. அப்பூக்களுக்கு நடுவே வரையாடு மேய்வதை நம் தங்கையரும் காணட்டும்.